கட்ச் எல்லைப் புல்வெளிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு: முதலில் காகிதம், பிறகு பைனாகுலர்

2023 பொங்கல் விடுமுறையில் நெல்லையிலிருந்து நாங்கள் நான்கு பேர் குஜராத்தின் கட்ச் மாவட்டத்துக்குப் போனோம். கூந்தன்குளத்தில் பல வருடமாகப் பறவை பார்த்துப் பழகியவர்கள்தான் நால்வரும். பறவையைப் பற்றிப் படித்த அளவுக்கு அந்த ஊரைப் பற்றி நாங்கள் விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மாவட்டத் தலைநகரான புஜ் நகரில் இறங்கினோம். மறுநாள் ஜனவரி 14, அங்கே உத்தராயண் பண்டிகை. அது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கள் காலை ஓர் அலுவலக வாசலில் போய் நின்றபோது, கொண்டுபோன காகிதத்தில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழு நாள் பயணத்தில் மூன்று நாள் அப்படியே போயிற்று.

2024 டிசம்பரில் மறுபடியும் போனோம். அந்த முறை ஒரு நாள்கூட வீணாகவில்லை. இரண்டு பயணத்துக்கும் இடையில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு எங்களுக்கு நேர்ந்தது நேரக் கூடாது.

1. எந்த மாதம், எந்தத் தேதி

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை போகலாம். எனக்குப் பிடித்தது டிசம்பர் முதல் மூன்று வாரம். அதற்குள் கிரேன் எனப்படும் வலசைக் கொக்குக் கூட்டங்கள் வந்து சேர்ந்திருக்கும், மழைக்காலத்து நீர் ஏரிகளில் இன்னும் மிச்சம் இருக்கும், விடுமுறைக் கூட்டமும் தொடங்கியிருக்காது. ஹைப்போகோலியஸ் என்ற வலசைப் பறவையைப் பார்ப்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால் டிசம்பர் பாதிக்குப் பிறகு திட்டமிடுங்கள்.

பொங்கல் லீவில் போகாதீர்கள். நமக்கு லீவு கிடைக்கும் அதே நாட்களில்தான் அவர்களுக்கும் பண்டிகை. குஜராத் முழுவதும் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள், அலுவலகம் மூடியிருக்கும், டிரைவர் கிடைப்பது கடினம். பட்டத்தின் மாஞ்சா நூலில் கழுத்தும் இறக்கையும் அறுபட்டு விழும் பறவைகளைக் காப்பாற்ற வனத்துறை அந்த வாரம் முழுவதும் ‘கருணா அபியான்’ என்று தனி முகாமே நடத்துகிறது. நூலில் தொங்கிய ஒரு கறுப்பு அரிவாள்மூக்கனை புஜ் நகரில் பார்த்தோம். பறவை பார்க்கப் போன இடத்தில் அது முதல் காட்சியாக இருந்தது இன்றும் மனதை அறுக்கிறது.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் குஜராத் அரசு அலுவலகங்கள் இயங்காது. புஜ் போய்ச் சேரும் நாளைத் திங்கள் முதல் புதனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரண் என்பது கட்சின் பெரும் உப்புவெளி. அதன் ஓரத்தில் தோர்டோ கிராமத்தில் நடக்கும் ரண் உத்சவம் என்ற சுற்றுலா விழா குளிர்காலம் முழுக்க நீளும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெள்ளை உப்புவெளியை நிலவில் பார்க்கக் கூட்டம் குவியும், அறை வாடகை ஏறும். பறவை பார்க்கிறவருக்குப் பௌர்ணமியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்தத் தேதிகளைத் தவிருங்கள்.

இன்னொன்று, டிக்கெட் போடும் முன் அந்த ஆண்டு கட்சில் பருவமழை எப்படி என்று விசாரியுங்கள். அங்குள்ள ஏரிகளில் பெரும்பாலானவை ‘தண்ட்’ எனப்படும் பருவகால ஆழமற்ற நீர்ப்பரப்புகள். மழை பொய்த்தால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் நீர்ப்பறவைக்காகப் போனால் ஏமாற்றம்தான். புல்வெளிப் பறவைகளையும் கடற்கரையையும் நம்பித் திட்டம் போடுங்கள்.

2. காகிதங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். கட்ச் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம். அதன் வடக்கும் மேற்கும் பாகிஸ்தான் எல்லை. வடக்கே போகப் போக காவல் சோதனையும் எல்லைப் பாதுகாப்புப் படையின் சோதனையும் வரும். கையில் நீளமான லென்ஸும் ஸ்கோப்பும் வைத்துக்கொண்டு எல்லைப் பக்கம் சுற்றுகிறவரைப் பற்றிக் காவலருக்குக் கேள்வி எழுவது நியாயம். அந்தக் கேள்விக்குப் பதிலைக் காகிதமாக வைத்திருப்பது நம் பொறுப்பு.

அடையாள அட்டை. அசல் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட், இவற்றில் இரண்டு கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஜெராக்ஸ். ‘போனில் இருக்கிறது’ என்று நினைத்துவிடாதீர்கள், புஜுக்கு வடக்கே உள்ள பன்னி என்ற புல்வெளியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. தமிழிலேயே அச்சான பழைய வாக்காளர் அட்டையை வைத்துக்கொண்டு எங்கள் நண்பர் ஒருவர் சோதனைச் சாவடியில் நெடுநேரம் நின்றார். ஆங்கிலத்தில் பெயர் தெளிவாக இருக்கும் அட்டை வேண்டும்.

பெயரும் இனிஷியலும். நம் ஊர்க்காரர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருவர் அதில் அப்பா பெயரை விரித்து எழுதுவார், இன்னொருவர் இனிஷியல் மட்டும் போடுவார், மூன்றாமவர் காலியாக விடுவார். ஆதாரில் ‘செ. முருகன்’, அனுமதிச் சீட்டில் ‘முருகன் செல்லையா’ என்றிருந்தால் அவர்கள் கண்ணுக்கு இருவரும் வேறு ஆள். 2023-ல் எங்களைத் திருப்பி அனுப்பியதற்கு இதுவே காரணம். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். நால்வர் பெயரையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டால் எங்கும் அதைப் பார்த்தே நிரப்பலாம்.

வெள்ளை ரண் அனுமதி. தோர்டோ பக்கம் உள்ள உப்புவெளிக்குப் போக இது வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே எடுக்கலாம், அல்லது புஜிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள பிரண்டியாரா சோதனைச் சாவடியில் வாங்கலாம். நாங்கள் கட்டியது ஆளுக்கு 100 ரூபாய், காருக்கு 50 ரூபாய். சாவடியில் வாங்குவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். கார் எண்ணும் டிரைவர் பெயரும் அனுமதியில் ஏறும். முதல் நாள் இணையத்தில் எடுத்துவிட்டு மறுநாள் வேறு காரில் போனால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

வனத்துறை. சாரி தண்ட் ஒரு பாதுகாப்புக் காப்பகம், 2008-ல் அறிவிக்கப்பட்டது. நலியா பக்கத்துக் கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) சரணாலயமும் நாராயண் சரோவர் சரணாலயமும் வனத்துறைக்குக் கீழ் வருகின்றன. தங்குமிடக்காரரிடமோ வழிகாட்டியிடமோ பெயர்ப் பட்டியலும் அட்டை நகலும் முதல் நாளே அனுப்பிவிட்டால் மறுநாள் விடியலில் தடங்கல் இராது. விடியலில் போய் அனுமதி கேட்க ஆரம்பித்தால் பறவையின் நேரம் போய்விடும்.

இந்தியா பிரிட்ஜுக்கு அப்பால். கவ்டாவைத் தாண்டி வடக்கே இந்தியா பிரிட்ஜ் என்ற பாலம் இருக்கிறது. அதற்கு மேல் போக எல்லைப் பாதுகாப்புப் படையின் தனி அனுமதி வேண்டும். பெரிய ரண்ணில் பூநாரைகள் கூட்டமாக முட்டையிடும் இடத்தைப் பற்றிப் படித்துவிட்டு பலரும் அங்கே போகத் துடிக்கிறார்கள். முதல் பயணத்தில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்கும் என்ற உறுதியில்லை, கிடைத்தாலும் அந்தப் பருவத்தில் நீர் மட்டமும் பாதையும் ஒத்துவர வேண்டும். பூநாரைகளைக் கவ்டாவிலிருந்து தோலாவீரா போகும் சாலையின் இருபுறமும் அமைதியாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டு பாஸ்போர்ட். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என எங்கிருந்து வரும் தமிழராக இருந்தாலும் விதி வேறு. பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும், தங்கும் இடத்தின் முகவரியும் தயாராக இருக்கட்டும். வடக்குப் பகுதிக்குப் போகும் முன் புஜில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்கென்று ஒரு முழு வேலை நாளை ஒதுக்குங்கள். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தியர் விதிதான் என்று எண்ணிக்கொண்டு வர வேண்டாம், முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லையில் பதற்றம் வந்தால் எந்த அனுமதியும் செல்லாது. 2025 மே மாதம் வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்களைச் சில நாள் மூடினார்கள், அதில் புஜும் ஒன்று. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் டிக்கெட்டும் அறையும் போடுவது நல்லது.

3. கொண்டுபோகக் கூடாதவை

டிரோன் வேண்டாம். எல்லை மாவட்டத்தில் அதைப் பையில் வைத்திருப்பதே வம்பு. சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கவே கூடாது. மலையேற்றத்துக்கென வெளிநாட்டில் வாங்கிய கருவியை மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. பாலம், கோபுரம், காவல் நிலை, ராணுவ வாகனம் எதையும் படமெடுக்காதீர்கள். பருந்து ஒன்று கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் கேமராவைத் தூக்காதீர்கள். குஜராத் மதுவிலக்கு மாநிலம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

4. போய்ச் சேர்வது

நெல்லை, குமரி மாவட்டத்தவர்களுக்கு ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காந்திதாமுக்கு வாரம் ஒருமுறை நேரடி ரயில் உண்டு. கேரளம், கொங்கண் வழியாகப் போகும். காந்திதாமிலிருந்து புஜ் சுமார் 60 கிலோமீட்டர். வாரம் ஒரே ஒரு ரயில் என்பதால் பயணத் தேதி முழுவதும் அதைச் சுற்றியே அமையும். முன்பதிவு திறக்கும் நாளிலேயே போடுங்கள்.

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போய், அங்கிருந்து புஜ் போகலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் அகமதாபாத்திலிருந்து புஜுக்கு ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவிடுகிறது. இரண்டாம் முறை அதில்தான் போனோம், சுகமான பயணம். விமானம் என்றால் மும்பை மாறி புஜ், அல்லது அகமதாபாத் வரை விமானம், மிச்சம் ரயில். புஜ் விமான நிலையம் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்தது, அங்கே படமெடுக்க வேண்டாம்.

அகமதாபாத்திலேயே கார் எடுத்துக்கொண்டு போவது வேண்டாத செலவு. அந்த டிரைவருக்குப் பன்னியின் மண்பாதை தெரியாது. எங்கள் முதல் பயணத்து டிரைவர் நல்ல மனிதர், ஆனால் தாழ்ந்த காரைப் புல்வெளிக்குள் இறக்க அவருக்கு மனமில்லை. புஜில் எடுங்கள். தரை உயரம் அதிகமுள்ள வண்டியாகக் கேளுங்கள்.

5. தங்கும் இடத்தை மூன்றாகப் பிரிப்பது

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஏழு நாளும் புஜிலேயே தங்குவது. சாரி தண்ட் அங்கிருந்து 80 கிலோமீட்டர், நலியா 100 கிலோமீட்டர். தினமும் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினால் மூன்றாம் நாள் யாருக்கும் கண் திறக்காது.

நாங்கள் இரண்டாம் முறை செய்தது இது: புஜில் மூன்று இரவு, பன்னியின் மேற்கு ஓரத்தில் பறவை பார்ப்போருக்கென உள்ள தங்குமிடத்தில் இரண்டு இரவு, நலியாவில் இரண்டு இரவு. பன்னி ஓரத்துத் தங்குமிடங்களில் அறை குறைவு. வழிகாட்டியும் அங்கேயே கிடைப்பார் என்பதால் உலகம் முழுவதிலிருந்தும் பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் பேசிவிடுங்கள்.

‘பூங்கா’ என்று சொன்னால் அங்கே தோட்டம் அல்ல, வட்ட வடிவ மண் வீடு. அறை பூங்காவில்தான் என்று போனில் சொன்னபோது நாங்கள் குழம்பினோம். இன்னும் சில சொற்கள் தெரிந்தால் வழி கேட்க உதவும்: ‘பேட்’ என்றால் ரண்ணுக்குள் மேடாக நிற்கும் திட்டு, ‘டுங்கர்’ என்றால் குன்று, ‘வாண்ட்’ என்றால் மேய்ப்பர்களின் சிறு குடியிருப்பு, ‘குஞ்ச்’ என்றால் குளிர்கால விருந்தாளிக் கொக்கு. கட்சி மொழியும் குஜராத்தியும் பேசுகிறார்கள், உடைந்த இந்தியும் போதும்.

6. எந்த இடத்தில் என்ன, எத்தனை மணிக்கு

கடிகாரத்தை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். கட்ச் நாட்டின் மேற்கு விளிம்பு. ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணிக்கு விடிந்தால் புஜில் ஏழரை ஆகும். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே வயலில் நின்றால் இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்க வேண்டியதுதான். மாலையில் ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும்.

சாரி தண்டும் ஃபுலாயும். பயணத்தின் இதயம் இதுதான், இரண்டு காலையும் ஒரு மாலையும் இதற்குக் கொடுங்கள். ஃபுலாய் கிராமத்தைச் சுற்றி உகாய் மரங்கள் இருக்கின்றன. நம் கடலோர மாவட்டங்களில் பார்க்கும் அதே மரம், பல்குச்சிக்கு ஒடிப்போமே அது. அதன் பழத்தைத் தின்ன ஹைப்போகோலியஸ் வருகிறது. மேற்காசியப் பறவை, இந்தியாவில் உறுதியாகத் தேடிப் பார்க்கக்கூடிய இடம் இந்தப் பக்கம்தான். சூரியன் ஏறும்போது மரத்தின் உச்சிக் கிளையில் வந்து உட்காரும், வெயில் ஏறியதும் இலைக்குள் மறைந்துவிடும். ஏழரை முதல் ஒன்பதரை வரைதான் நேரம். மரத்துக்குள் நுழையாதீர்கள், கிளையை விலக்காதீர்கள், குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். ஒரு படத்துக்காக மரத்தைச் சுற்றிப் பத்து பேர் நெருங்குவதைக் கண்ணால் பார்த்தேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை பசியோடு எழுந்து போயிற்று. அப்படிச் செய்கிறவர்களோடு நிற்காதீர்கள், உங்கள் வழிகாட்டியிடமும் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

மாலையில் தண்டின் கரைக்குப் போங்கள். வயல்களில் மேய்ந்த கொக்குகள் அணி அணியாக இரவு தங்க வரும். முதலில் காதில்தான் விழும். எக்காளம் ஊதுவதுபோல் தொலைவிலிருந்து ஒரு சத்தம், பிறகு அடிவானத்தில் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு. கரையிலிருந்து நல்ல தூரம் விட்டு வண்டியை நிறுத்துங்கள். பூனைப்பருந்துகளும் இருட்டும் வேளையில் புல்வெளியில் இறங்கும். கூழைக்கடா, பூநாரை, வாத்து வகைகள், ராஜாளிகள், இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தால் கொக்கு வரும் நேரத்தைத் தவறவிடுவீர்கள். ஐந்து மணிக்கே ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

பன்னிப் புல்வெளி. அழிவின் விளிம்பில் உள்ள சோஷியபிள் லேப்விங் என்ற ஆள்காட்டி வகை குளிர்காலத்தில் இங்கே வருகிறது. பாலைவன நரி, ஓநாய், முள்வால் பல்லி இவற்றையும் பார்க்கலாம். ஆனால் நம் கண்ணில் முதலில் படுவது சீமைக் கருவேலம். ராமநாதபுரத்தில் பார்க்கும் அதே காடு இங்கும் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. ‘காண்டோ பாவள்’ என்கிறார்கள், பைத்தியக்கார வேலமரம் என்று பொருள். அந்த முள் செருப்பைத் துளைக்கும், டயரையும் துளைக்கும். தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். சுருட்டை விரியன் இருக்கும் நிலம் என்பதால் இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

பன்னி யாருமில்லாத வெளி இல்லை. மால்தாரிகள் எருமையும் கால்நடையும் மேய்க்கும் வீட்டு வாசல் அது. பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். புல்லின் மேல் புதுத் தடம் போட்டு வண்டி ஓட்டாதீர்கள். உப்புவெளிக்கும் இதே விதி: மேலே காய்ந்த வெள்ளைத் தோல், அடியில் சேறு. ஏற்கெனவே தடம் இருக்கும் இடத்தில் மட்டும் போங்கள்.

காலா டுங்கர். 462 மீட்டர் உயரம், கட்சின் மிக உயர்ந்த இடம். மேலேயிருந்து ரண் முழுவதும் தெரியும். உச்சியில் தத்தாத்ரேயர் கோயில், நரிகளுக்குப் பிரசாதம் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு மாலை போதும்.

நலியா. வெள்ளைப் புருவப் புதர்ச்சிட்டு, மெக்குவீன் பஸ்டர்ட், கல்கௌதாரி வகைகளுக்காகப் போங்கள். கானமயிலைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில பெட்டைகள் மட்டுமே எஞ்சின, சரணாலயத்தின் பரப்போ வெறும் 2 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் மின்கம்பியும் காற்றாலையும். அதன் பின்னால் ஓடும் ஒவ்வொரு வண்டியும் அதற்குத் தொல்லை. தற்செயலாகத் தொலைவில் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, பார்த்துவிட்டுத் திரும்புங்கள். எடுத்த படத்தை இடத்தோடு பகிராதீர்கள். நலியாவில் கடுங்குளிர் அடிக்கும், குஜராத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை அடிக்கடி பதிவாகும் ஊர் அது. பகலில் சட்டையோடு நடக்கலாம், விடியலில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். கையுறையும் காதை மூடும் தொப்பியும் நம் வீட்டில் இருக்காது, வாங்கிக்கொண்டு போங்கள்.

மாண்ட்வி அருகே மோட்வா கடற்கரை. கிராப் ப்ளோவர் என்ற கரைப்பறவையைப் பார்க்க. கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். நீர் ஏறியிருக்கும்போது போய் வெறும் அலையைப் பார்த்துத் திரும்பினோம் முதல் முறை.

சின்ன ரண். காட்டுக்கழுதைச் சரணாலயம் வேறு திசையில், அகமதாபாத் பக்கம் இருக்கிறது. திரும்பும் வழியில் தசாடா அல்லது பஜாணாவில் ஒரு இரவு தங்கிப் பார்த்துவிடலாம். 2024 கணக்கெடுப்பில் 7,672 காட்டுக்கழுதைகள் என்று வந்தது, ஆகவே அவற்றைக் காணாமல் திரும்ப மாட்டீர்கள். நுழைவுக் கட்டணம் வாகனக் கணக்கு, கேமராவுக்குத் தனி. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும்.

7. வழிகாட்டி வேண்டுமா

வேண்டும். எல்லா நாளும் அல்ல, பன்னியிலும் நலியாவிலும் மட்டும். பாதை தெரிந்தவர் என்பது ஒரு பக்கம், சோதனைச் சாவடியில் முகம் தெரிந்த உள்ளூர்க்காரர் உடன் இருப்பது இன்னொரு பக்கம். கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர், அனுமதிக் காகிதங்களை அவரே பார்த்துக்கொள்வாரா, வண்டி அவருடையதா நம்முடையதா. ‘எல்லாப் பறவையும் நிச்சயம் காட்டுகிறேன்’ என்று உறுதி கொடுப்பவரை நான் தவிர்ப்பேன். நிச்சயம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருப்பவர்தான் பறவையை விரட்டுவார்.

8. செலவு

2024 டிசம்பரில் நால்வர், ஏழு நாள், புஜ் தொடங்கிப் புஜ் முடிய எங்களுக்கு ஆனது இது. டிரைவரோடு கார் நாளுக்கு 4,200 ரூபாய், மொத்தம் 29,400. வழிகாட்டி நான்கு நாளுக்கு 12,000. இரண்டு அறை, சராசரியாக அறைக்கு 2,000 வீதம் ஏழு இரவுக்கு 28,000. சாப்பாடு ஆளுக்கு நாளுக்கு 600 என்று வைத்தால் 16,800. கூட்டினால் 86,200, ஆளுக்கு 21,550. அனுமதிக் கட்டணங்கள், டிரைவரின் இரவு பேட்டா, டீச்செலவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 23,000 வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து போகவர ரயில் கட்டணம் தனி.

கார் பேசும்போது நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் அடக்கம், மேற்கொண்டு ஓடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, இரவு பேட்டா உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நலியா போகும் நாளில் 250 கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அங்கேதான் கணக்கு ஏறும். போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பி வெறுங்கையோடு பன்னிக்குள் போகாதீர்கள். ஆளுக்கு 5,000 ரூபாய் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். டீசலைப் புஜிலேயே நிரப்பிவிடுங்கள்.

9. கிளம்பும் முன் வாரத்தில்

வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிவையுங்கள். பறவை அடையாளச் செயலியில் மேற்கு இந்தியத் தொகுப்பையும் அப்படியே. கேமரா பையில் பிளாஸ்டிக் உறை இரண்டு இருக்கட்டும், உப்புத் தூசி லென்ஸின் வளையத்துக்குள் போய்விட்டால் சுழலாது. உதட்டுக்கு வெண்ணெயோ களிம்போ, ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. பெரிய மருத்துவமனை என்றால் புஜ்தான் வர வேண்டும். சாப்பாடு பெரும்பாலும் சைவம், கம்பு ரொட்டியும் மோரும் வயிற்றுக்கு நல்லது. பிரண்டியாராவில் அனுமதிக்கு நிற்கும்போது எதிரே கிடைக்கும் மாவா என்ற பால் இனிப்பை வாங்கிச் சாப்பிடுங்கள், நம் பால்கோவாவுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

புஜ் சேர்ந்த முதல் நாளில் பறவைத் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். காலை பதினொரு மணிக்குள் காகித வேலையைத் தொடங்கினால் மாலைக்குள் முடியும், ஒருவேளை குறை சொன்னாலும் சரிசெய்ய மறுநாள் காலை கையில் இருக்கும். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் ஊருக்கு நடுவில் உள்ள ஹமீர்சர் ஏரிக்கு நடந்து போங்கள். ஸ்கோப் தேவையில்லை, கூழைக்கடாக்கள் கரைக்கு அருகிலேயே நீந்திக்கொண்டிருக்கும்.